சுவரில் எழுதிய ஐம்பது

1993 நவம்பர் 8, திங்கள்

இத்தாலிக்காரர் ஒருவர் இன்று எங்கள் டாக்கர் பேங்க் கவுண்டரில் நின்றுகொண்டு சுவரைக் காட்டினார். மற்ற பணத்துக்கெல்லாம் சாக்பீஸில் விலை எழுதியிருக்கிறீர்களே, பிரெஞ்சு பிராங்குக்கு மட்டும் ஏன் பெயிண்ட் என்று கேட்டார். லிரா, பவுண்டு, டாலர், மார்க் எல்லாம் தினமும் மாறுகிறவை. தினமும் காலையில் அழித்து எழுதுகிறேன், பத்தொன்பது வருஷமாக. பிராங்க் மாறாது. ஒரு பிரெஞ்சு பிராங்குக்கு எங்கள் ஊர்ப் பணம் சேஃபா ஐம்பது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஐம்பது, கல்யாணம் ஆனபோது ஐம்பது, மகள் சாஃபி பிறந்தபோதும் ஐம்பது. மாறாத ஒன்றை எதற்குத் தினம் எழுதி விரலை வெள்ளையாக்கிக்கொள்ள வேண்டும்? அவருக்குப் பொறாமைதான். அவர் ஊர் லிராவை நான் வாரத்துக்கு இரண்டு தடவை கீழே இறக்குகிறேன்.

வீட்டுக்கு வந்தால் மார்சேயிலிருந்து கடிதம். என் வீட்டுக்காரர் பிராமுடைய அக்கா ரொக்காயா மதினி எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள்! பிப்ரவரி 21. ஜனவரி 31-க்குள் தொண்ணூறாயிரம் பிராங்க் முன்பணமாகக் கட்ட வேண்டும். கட்டிய ரசீதைக் காட்டினால்தான் சாஃபிக்கு விசா.

தொண்ணூறாயிரம் பிராங்க் என்றால் நாற்பத்தைந்து லட்சம் சேஃபா. கையில் முப்பத்தைந்து இருக்கிறது: மனை விற்ற பணம், சேமிப்பு, பிராமுடைய தம்பி கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை என் சீட்டு முறை. அது பத்து லட்சம். சரியாக வந்துவிடும்.

சாஃபி மூன்றாவது மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தாள். பதினைந்து வயது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டது என்றும், அடுத்த மழைக்காலத்துக்குள் ஆபரேஷன் ஆகிவிட வேண்டும் என்றும், இந்த ஊரில் அதற்கு வழியில்லை என்றும் டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது.

நவம்பர் 14, ஞாயிறு

எரிச்சலாக இருக்கிறது. எழுதினால் தீருமா பார்க்கிறேன்.

இருபது பெண்கள் சேர்ந்து போடுகிற சீட்டு. மாதம் ஆளுக்கு ஐம்பதாயிரம், ஒவ்வொரு மாதமும் ஒருத்திக்கு மொத்தமும். இந்த மாதம் எனக்கு. பணத்தை எண்ணித் துணியில் கட்டி என் மடியில் வைக்கப் போகிற நேரத்தில் எதிர்வீட்டு தாபா எழுந்தாள். அவள் மகளுக்கு இருபதாம் தேதி கல்யாணம். சம்பந்தி வீட்டுப் பெண்களுக்குக் கொடுக்க வேண்டிய சேலைத் துணிக்கும் சீருக்கும் வழியில்லையாம். அவளுடைய முறை ஜனவரியில். மாற்றிக்கொள்ளலாமா, கூம்பா என்று கேட்டாள்.

தனியாக வந்து கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். எல்லார் முன்னாலும் கேட்டால் முடியாது என்று சொல்ல முடியாது. அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் எல்லார் முன்னாலும் கேட்டாள். பத்தொன்பது ஜோடிக் கண்கள் என் மேல். கொடுத்தேன். எல்லாரும் கை தூக்கி எனக்கு துஆ செய்தார்கள்.

பரவாயில்லை. என் முறை இனி ஜனவரி 9. கெடு ஜனவரி 31. இருபத்திரண்டு நாள் இடைவெளி இருக்கிறது.

நவம்பர் 22

இருக்கிற முப்பத்தைந்து லட்சத்தை இப்போதே அனுப்பிவிடலாமே என்றார் பிராம். மதினி தொலைபேசியில் இரண்டு தடவை சொல்லிவிட்டாராம், வருவதை வருகிறபடி அனுப்பு என்று.

நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் பேங்க் தரகுப் பணம் பிடிக்கும். இரண்டு தடவை அனுப்பினால் கூடுதலாகப் பதினெட்டாயிரம் போகும். அது சாஃபியின் ஒரு மாத மருந்துச் செலவு. பாதிப் பணத்துக்கு வாங்கிய ரசீதைத் தூதரகத்தில் தொட்டும் பார்க்க மாட்டார்கள். மொத்தமும் சேர்ந்ததும் ஒரே தடவையாக அனுப்பலாம் என்றேன்.

அவர் ரயில்வே பட்டறையில் இரும்போடு வேலை செய்கிறவர். பணவிஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. “நீ பேங்க்காரி. உனக்குத் தெரியாததா”ன்னு சொல்லிட்டு டீ போடப் போயிட்டார்.

டிசம்பர் 3, வெள்ளி

லாமின் ஹாஜியார் வந்தார். துணி மொத்த வியாபாரி. ஜும்ஆவுக்குப் போகும் வெள்ளை அங்கியோடு, பின்னால் இரண்டு பேர் பை தூக்கிக்கொண்டு. பை முழுக்க சேஃபா. எல்லாவற்றையும் பிரான்ஸ் கணக்குக்கு அனுப்ப வேண்டும்; எண்ணி அனுப்பல் கவுண்டருக்குத் தருவது என் வேலை. ஒரு மாதத்துக்குள் இது மூன்றாவது தடவை. அவரைப் போல இன்னும் நாலைந்து பேர் வருகிறார்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டுக் குனிந்து மெதுவாகக் கேட்டார், “மகளே, உன் பணம் எங்க இருக்கு?”

இங்கேதான், இதே பேங்கில் என்றேன். பிராங்காக மாற்றிவிடு என்றார். ஆகஸ்டிலேயே நம் நோட்டை வெளிநாட்டு பேங்குகளில் வாங்குவதை நிறுத்தியதை மறந்துவிட்டாயா, அது சும்மா நடக்கவில்லை என்றார். நான் சுவரைக் காட்டினேன். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே நிற்கிற எண், ஹாஜியார், நாளைக்கு எழுந்து ஓடிவிடாது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பணக்காரர்களுக்கு எப்போதும் பயம்தான். இழப்பதற்கு நிறைய இருந்தால் வதந்தியைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

டிசம்பர் 5

சாஃபிக்குக் கணுக்கால் வீக்கம். நீர் போகிற மாத்திரையைக் கூட்டியிருக்கிறார் டாக்டர். மதினி அனுப்பிய குளிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். டாக்கர் வெயிலில், வியர்த்து வழிந்துகொண்டு. கழற்றடி என்றால், “மார்சேல இறங்குனதும் பட்டிக்காட்டுக்காரி மாதிரி நடுங்கச் சொல்றியா, பழகிக்க வேண்டாமா?” என்கிறாள்.

டிசம்பர் 17, வெள்ளி

இன்று பேங்குக்குப் பெயிண்டர் வந்தார். வருஷக் கடைசியில் சுவரைப் புதுப்பிக்க மேலாளர் உத்தரவு. என்னுடைய பலகையையும் கழுவி, வெளிறிப் போயிருந்த ஐம்பதின் மேல் புதுப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். அழகாக இருக்கிறது.

மனசு லேசானது. உண்மையைச் சொன்னால் ஹாஜியார் பேச்சு உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது. மாறப் போகிற எண்ணுக்கு எந்த மேலாளராவது பெயிண்ட் செலவு செய்வாரா? எங்களை விட அவருக்கு மேலிடத்துச் செய்தி தெரியும். இந்த மனிதர் ஒரு பேனா வாங்கவே மூன்று கையெழுத்துக் கேட்கிறவர்.

அனுப்பல் கவுண்டரில் இருக்கும் அசான் அண்ணன் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது அவருக்கு. தன் பணத்தை நவம்பரிலேயே பிராங்கில் மாற்றிவிட்டாராம். பெயிண்டருக்கு வருஷா வருஷம் போடுகிற ஒப்பந்தம் அது, அதை வைத்து ஜோசியம் பார்க்காதே என்றார். அவர் எதற்குத்தான் உதட்டைப் பிதுக்கவில்லை.

சாயங்காலம் தெருப் பெண்கள் நாலு பேர் கேட்டார்கள், பணம் பாதியாகப் போகிறதாமே என்று. பெயிண்ட் கதையைச் சொன்னேன். நிம்மதியாகப் போனார்கள்.

டிசம்பர் 31

வருஷம் முடிந்தது. அடுத்த டிசம்பரில் சாஃபி மாடிப்படியில் ஓடுவாள். இன்ஷா அல்லாஹ்.

1994 ஜனவரி 9, ஞாயிறு

பத்து லட்சம் கைக்கு வந்தது. தாபாவே துணியில் கட்டி என் மடியில் வைத்தாள். மொத்தம் நாற்பத்தைந்து. பிராம் இரண்டு தடவை எண்ணினார். சாஃபி மூன்றாவது தடவை எண்ணினாள், “இவ்வளவுதானா நான்” என்று கேட்டபடி.

ஜனவரி 10, திங்கள்

பணத்தைக் காலையிலேயே கணக்கில் போட்டேன். படிவமும் நிரப்பிவிட்டேன். ஆனால் அனுப்பவில்லை.

ஊரில் சேஃபா புழங்கும் நாடுகளின் அதிபர்கள் கூடியிருக்கிறார்கள். பாதிச் சாலைகளை அடைத்துவிட்டார்கள். பேங்கில் அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. எல்லாரும் அசான் அண்ணன் கவுண்டர் முன்னால். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். “படிவத்தக் குடு கூம்பா, நடுவுல சொருகிடறேன்.” வெளியாட்கள் காத்திருக்கும்போது பேங்க் ஆட்கள் சொந்த வேலையைப் பார்க்கக் கூடாது என்பது விதி. பத்தொன்பது வருஷத்தில் நான் அதை மீறியதில்லை. மூன்று மணி நேரமாக நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கெடுவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கூட்டம் குறையட்டும் என்றேன்.

ஜனவரி 11, செவ்வாய்

அனுப்பல் கவுண்டர் இன்று திறக்கவில்லை. மேலிட உத்தரவு. காரணம் சொல்லவில்லை.

ராத்திரி ரேடியோவில் சொன்னார்கள். இனி நூறு.

ஜனவரி 12

நாற்பத்தைந்து லட்சம் சேஃபா. நேற்று வரை தொண்ணூறாயிரம் பிராங்க். இன்று நாற்பத்தைந்தாயிரம். ஒரு நோட்டுகூடத் தொலையவில்லை. யாரும் திருடவில்லை. எண்ணிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.

மேலாளர் ஒரு காகிதத்தில் நூறு என்று எழுதி ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். கோணலாக இருக்கிறது என்றார். நேராக ஒட்டினேன்.

ராத்திரி பிராம், திட்டாமல், நிஜமாகவே தெரியாமல் கேட்பவர் மாதிரி, “பாதிப் பணத்துக்கு என்ன செய்வாங்க கூம்பா? திறந்து பாத்துட்டு மூடிருவாங்களா?” என்று கேட்டார். திட்டியிருக்கலாம். எவ்வளவு வேணாலும் திட்டியிருக்கலாம்.

பதினெட்டாயிரம் மிச்சம் பிடிச்சேன். என் புத்திய செருப்பால அடிக்கணும். பதினெட்டாயிரம்! யாருக்கு நல்ல பேர் வாங்க நான் வரிசையை மீறாம நின்னேன்? அந்த வரிசைல நின்ன யாருக்காவது என் பேர் தெரியுமா?

ஜனவரி 15

தெருப் பெண்கள் வந்தார்கள். சண்டைக்கு வரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒருத்தி மட்டும், “பெயிண்ட் அடிச்சாங்கன்னியே” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாள். நொய்யரிசி, எண்ணெய், ரொட்டி எல்லாம் விலை ஏறிவிட்டது. கப்பலில் வருகிற எதுவும் பழைய விலையில் இல்லை. மருந்தும் கப்பலில்தான் வருகிறது.

ஜனவரி 19

மதினியிடம் பேசினேன். தபால் நிலையத்துத் தொலைபேசிக் கூண்டுக்குள், வெளியே ஆட்கள் காத்திருக்க. நான் அழக் கூடாது என்றுதான் போனேன். “நவம்பர்லயே அனுப்பச் சொன்னேனா இல்லையா? உன் பேங்க் மூளைக்கு நான் சொன்னது ஏறலையா?” என்று கேட்டுவிட்டு அவரே அழுதார். அங்கே ஹோட்டலில் அறை துடைக்கிறார். தன் சேமிப்பு பத்தாயிரம் பிராங்கைத் தருகிறேன் என்றார். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் கெஞ்சித் தேதியை மே மாதத்துக்குத் தள்ளி வாங்கியிருக்கிறார். ஏப்ரல் 30-க்குள் முன்பணம்.

இன்னும் முப்பத்தைந்தாயிரம் பிராங்க் வேண்டும். முப்பத்தைந்து லட்சம். மறுபடியும் முதல் படியில் நிற்கிறோம், விற்க மனை மட்டும் இல்லை.

ஜனவரி 20

சாஃபியிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். காலையில் தலை பின்னிவிடும்போது அவளே சொன்னாள், “ஒரே ராத்திரில என் விலை ரெண்டு மடங்காயிருச்சும்மா. இனிமே என்னைப் பாத்துப் பேசுங்க.” நானும் சிரித்துவிட்டேன். பிறகு சீப்பைத் தேடுகிற மாதிரி உள்ளே போனேன்.

பிப்ரவரி 4, வெள்ளி

லாமின் ஹாஜியார் வந்தார். இந்த முறை பிராங்கைத் திரும்பக் கொண்டுவருகிறார். டிசம்பரில் என் கையால் அனுப்பிய அதே பணம், இரண்டு மடங்கு சேஃபாவாக என் கையாலேயே திரும்பிப் போயிற்று. எண்ணிக் கொடுத்தேன். நல்ல மனிதர். அவர் சொல்லாமல் இல்லை, நான்தான் கேட்கவில்லை.

மகளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஐந்நூறு பிராங்க் நோட்டு ஒன்றைக் கவுண்டருக்குள் தள்ளி, அல்லாஹ்வுக்காக வைத்துக்கொள் என்றார்.

வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 26

நோன்பு பாதி முடிந்தது. பேங்கில் சம்பள முன்பணம் மூன்று லட்சம். பட்டறையில் வசூலித்தது ஒரு லட்சத்து எண்பதாயிரம். பிராமுடைய தம்பி மோட்டார் சைக்கிளை விற்றான். தாபா மகளுடைய சீர்த்துணிகளில் மிஞ்சியதை விற்று நாற்பதாயிரம் கொண்டுவந்து வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணத்தை மட்டும் வாங்கினேன். நான் நல்லவள் இல்லை.

மார்ச் 21, திங்கள்



பத்து நாளாக வீக்கம் ஏறிக்கொண்டே போகிறது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாளா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றேன், சத்தியம் செய்யாத குறையாக. இன்று அவளுடைய படுக்கையை உதறும்போது தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட் டப்பா விழுந்தது. உள்ளே மாத்திரைகள். எல்லாம் பாதிப் பாதியாக உடைத்தவை. அறுபது, எழுபது இருக்கும்.

ஜனவரி கடைசியிலிருந்து பாதிதான் சாப்பிட்டிருக்கிறாள். “விலை ரெண்டு மடங்காச்சுல்ல. பாதி சாப்பிட்டா பழைய விலைதானே? மிச்சத்த மார்சே பணத்துல சேத்துக்கலாம்னு நினைச்சேன்” என்றாள்.

அறைந்துவிட்டேன். மூச்சு வாங்குகிற பிள்ளையை. ஐந்து விரலும் கன்னத்தில் பதிந்துவிட்டது. அவள் அழவில்லை, “கணக்கு சரிதானேம்மா”ன்னு கேட்டா. யார்கிட்ட கத்துக்கிட்டா இந்தக் கணக்க? என்கிட்டதான். பதினெட்டாயிரம் மிச்சம் பிடிக்கிறதுன்னா எப்படின்னு நான் போட்டுக் காட்டினப்ப அவளும் அங்கதானே உக்காந்திருந்தா.

ஏப்ரல் 30, சனி

கெடு முடிந்தது. இந்த ஊர் டாக்டர், மருந்துச் செலவு போகக் கையில் நாற்பத்தெட்டு லட்சம் இருக்கிறது, வேண்டியது எண்பது; மதினியின் பத்தாயிரம் தனி. வேறு யாருக்கோ அந்தத் தேதி போய்விட்டது. அடுத்தது அக்டோபர் என்கிறார்கள். மழைக்காலம் தாண்டி.

மே 6

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். உட்கார்ந்தபடிதான் தூங்குகிறாள். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள், ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு.

மே 12

மீன்சோறு கேட்டாள். உப்பில்லாமல் செய்துகொண்டு போனேன். இது மீன்சோறே இல்லை என்று நாலு வாய் சாப்பிட்டாள்.

மே 17, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்கு சாஃபி போய்விட்டாள். மாலைத் தொழுகைக்குப் பின் அடக்கம்.

ஜூன் 3

வேலைக்குப் போனேன். லிரா இறங்கியிருக்கிறது. எழுதினேன்.

ஜூன் 10

பிராமுடைய தம்பிக்கும் பட்டறைக்காரர்களுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பட்டறைக்காரர்கள் வாங்க மறுத்தார்கள். பிராம் மேசை மேல் வைத்துவிட்டு வந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ளாமல் நடக்கப் பழகியிருக்கிறோம். நேற்று முதல்முறையாக, “கூட்டம் குறையட்டும்னு சொன்னியே” என்றார். ஆமாம் என்றேன்.

ஜூன் 23, வியாழன்

நாளை மறுநாள் நாற்பதாம் நாள். மதினியால் வர முடியவில்லை. குர்ஆன் முழுதும் ஓதும் கத்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்று, ஊருக்கு வந்த ஒருவரிடம் மூவாயிரம் பிராங்க் கொடுத்தனுப்பியிருக்கிறார். குறைவாக நினைக்காதே, முடிந்தது இவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறார்.

மதிய இடைவேளையில் கவுண்டருக்கு வெளியே போய் வரிசையில் நின்றேன். என் இடத்தில் இருந்த அசான் அண்ணன் மூன்று லட்சம் எண்ணிக் கொடுத்தார். முன்பென்றால் ஒன்றரை. இரண்டு பேருக்கும் அது தெரியும். எண்ணிச் சரிபார் என்றார். சரிபார்த்தேன்.

ஜூன் 25, சனி

பிராம் முழு மாடே வாங்கிவிட்டார். ஒன்றரை லட்சமாக இருந்திருந்தால் இரண்டு ஆட்டோடு நின்றிருக்கும். நான்கு மூட்டை அரிசி, எண்ணெய், பெரியவர்கள் மெல்லக் கோலாக்கொட்டை, குழந்தைகளுக்கு இனிப்பு. தாபா விடியற்காலையிலேயே வந்து, என்னிடம் கேட்காமல், பெரிய சட்டி அருகில் நின்றுகொண்டாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். யாரும் அரைவயிற்றோடு போகவில்லை. இந்த வருஷம் தெருவில் இவ்வளவு கறி போட்ட வீடு வேறு இல்லை என்றும், பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்றும் ஒரு பெரியவர் பிராமுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

சாப்பாடு மிஞ்சியது. சட்டியோடு தெருவுக்குக் கொடுத்தனுப்பினோம்.